மாடு விற்று வாங்கிய யந்திரம்

அயனம்பாக்கம்
விய வருஷம், ஆனி மாதம் 5

பூனாவில் பட்டாளத்து வேலையில் இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சாமுண்டீஸ்வரி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்குவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன். சுகம் இல்லை.

நீங்கள் உங்கள் அண்ணனுக்குப் போட்ட கடிதத்தை அவர் மடியில் முடிந்துகொண்டு, என்னிடம் காட்டாமலே காரியத்தை முடித்துவிட்டார். நான் நெல் குத்திவிட்டு வந்து பார்க்கிறேன், கொட்டிலில் மயிலையும் இல்லை, செவலையும் இல்லை. மாங்காட்டு முனியன் வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டானாம். கேட்டதற்கு உங்கள் அண்ணன், “இன்னாம்மா, தம்பி எழுதிக்கீறான், நான் இன்னா பண்றது?” என்று ஜம்பமாகக் கேட்கிறார். ஜம்புலிங்கம் என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

அந்த மாடுகள் யாருடையவை? என் பிறந்த வீட்டார் கல்யாணத்துக்குச் சீராகக் கன்றுகளாய்க் கொடுத்தவை. அவற்றுக்குப் பால் மறக்கடித்ததும் நான், மூக்கணாங்கயிறு குத்திய அன்று அழுததும் நான். சீர் மாட்டை விற்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, உங்கள் அண்ணனுக்கும் இல்லை. இது நம் ஊரில் தவழுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். பூனாத் தண்ணீர் குடித்தால் மறந்துபோகுமா?

மாட்டை விற்று வாங்கிய உங்கள் யந்திரம் வந்து சேர்ந்தது. பட்டாபிராம் ரயில் சைடிங்கில் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்தார்களாம். கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்புக் கூரை. அதன் வயிற்றுக்குள் வெட்டரிவாள் மொத்தத்தில் இரண்டு கத்திகள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் அவை ராட்டினம்போலச் சுற்றுமாம், கை பருமன் முள்மரத்தையும் சீவித் தள்ளுமாம். நல்லது. டிராக்டர் எங்கே? நீங்கள் வரும்போது வாங்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்களாம். குதிரை வாங்குவதற்கு முன்னால் லாடம் வாங்கியவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படி ஒருவரையே கட்டிக்கொண்டேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். டிராக்டரில் மாட்டும் அந்த யந்திரம் நம் வீட்டுக்கு எதில் வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில். இரண்டு ஜோடி மாடு கட்டி, நுரை தள்ள இழுத்துக்கொண்டு வந்தார்கள். மாடு கட்டி உழுகிற காலம் மலையேறிவிட்டது என்று எழுதினீர்களே, அந்த மலையேறிய மாடுதான் அதை இறக்கிவைத்துவிட்டுப் போயிற்று.

ஓரகத்தி நாகம்மாள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினாள். “மிசினு வந்துகீது, ஆரத்தி எடுக்காம இன்னாத்துக்கு மூஞ்சைத் தூக்கி வெச்சிகினு கீறே?” என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். நான் எடுக்கவில்லை. ஆரத்தி எடுக்க நான் காத்திருப்பது வேறொருவருக்கு.

யுத்தத்துக்கென்று எடுத்துக்கொண்ட நம் நிலத்தைப் பட்டாளத்தார் திருப்பிக் கொடுத்தபோது நீங்கள் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். அவர்கள் கூடாரம் போட்டிருந்த இடமெல்லாம் உடையும் காரையும் சூரையுமாக முள்புதர் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. அதைக் கையால் வெட்டுவது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டிய பிறகு உழ வேண்டாமா? இந்த ஆடிக்குள் நிலம் திருந்தவில்லையென்றால் செங்கல் சூளைக்காரனுக்கு மண்ணெடுக்க விட்டுவிடலாம் என்று உங்கள் அண்ணன் வெளிப்படையாகவே பேசுகிறார். மண்ணைத் தோண்டிக்கொண்டு போன பிறகு அது நிலமா, குட்டையா? யுத்த காலமெல்லாம் கல்லும் புழுவுமாய் ரேஷன் அரிசியைத் தின்றேனே, நம் நெல் ஒரு நாள் வரும் என்றுதானே தின்றேன்?

யுத்தம் முடிந்து வருஷம் ஆகப்போகிறது. ரயிலுக்கு ரயில் பையன்கள் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்குகிறார்கள். உங்களுக்கு மட்டும் பூனாவில் அப்படி என்ன ஓயாத வேலை? கடிதம்கூட யாரோ குமாஸ்தா கையெழுத்தில் வருகிறது. கட்டின பெண்டாட்டிக்கு நாலு வரி எழுத முடியாதபடி கை என்ன முறிந்தா போயிற்று? கல்லானாலும் கணவன் என்பார்கள். நீங்கள் கல்லாகவாவது வந்திருக்கலாம், உங்களுக்குப் பதில் இரும்பை அனுப்பியிருக்கிறீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சாமுண்டீஸ்வரி

---

அயனம்பாக்கம்
ஆனி மாதம் 27

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சாமுண்டீஸ்வரி எழுதிக்கொண்டது.

உங்கள் பதில் கிடைத்தது. மறுபடியும் அதே குமாஸ்தா. நான் கேட்டது மாட்டைப் பற்றி, நீங்கள் வருவதைப் பற்றி. நீங்கள் எழுதியிருப்பது கத்திக்கு எண்ணெய் போடுவதைப் பற்றி. மூன்று பக்கம் எண்ணெய்!

எண்ணெய் போட்டார்கள். சர்க்கார் டிராக்டரும் வாடகைக்கு வந்தது. ஊரே ஏரிக்கரையில் வந்து நின்றது. பொய் சொல்லக் கூடாது, முதலில் நன்றாகத்தான் வெட்டிற்று. அது போன பாதையெல்லாம் புதர் தூள் தூளாகக் கிடந்தது. உங்கள் அண்ணன் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, தானே கண்டுபிடித்த யந்திரம் மாதிரி கூடவே நடந்தார். எனக்கும் மனசு கொஞ்சம் இளகிற்று.

பிறகு ஏரிப் பக்கத்து மூலைக்குப் போனார்கள். அங்கே பட்டாளத்தார் முள்கம்பி வேலி போட்டிருந்தது ஊருக்கெல்லாம் தெரியும். போகும்போது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள். யாராவது உள்ளே இறங்கிப் பார்த்தார்களா? கையில் அரிவாளோடு போகிறவன் ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்த்து வெட்டுவான். யந்திரம் இருக்கிறதென்றால் மனுஷனுக்குக் கண் எதற்கு?

கம்பிச் சுருள் கத்தியில் சுற்றிக்கொண்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஒரு கத்தி வளைந்துபோயிற்று. அறுந்த கம்பித் துண்டு ஒன்று பறந்துவந்து உங்கள் அண்ணன் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. நல்ல வேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, இப்போது காலை நீட்டிப் படுத்திருக்கிறார். நாகம்மாள் என்னைப் பார்த்து, “நீ ஆரத்தி எடுக்கலே, அதான் இப்டி ஆச்சு” என்கிறாள். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக இருக்கிறது எனக்கு.

டிராக்டர்காரன் யந்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். நிலத்தில் பாதி மொட்டை, பாதி காடு. படுத்துக்கொண்டே உங்கள் அண்ணன் சூளைக்காரனுக்கு ஆள் அனுப்புகிறார். மாடும் இல்லாமல், யந்திரமும் இல்லாமல், நீங்களும் இல்லாமல் நான் எதைக் காட்டி அவரைத் தடுப்பேன்?

பழுது ஏதாவது வந்தால் அம்பத்தூர் வேதமுத்துவைக் கூப்பிடும்படி எழுதியிருந்தீர்கள். உங்களோடு ஒரே கம்பெனியில் லாரி ஓட்டியவராமே. அவர் மட்டும் எப்படி வீடு வந்து சேர்ந்தார்? அவருக்கு வழி தெரிந்தது, உங்களுக்குத் தெரியவில்லையா? கூப்பிட்டு அனுப்பியிருக்கிறேன்.

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. மறுபடி கேட்கிறேன். எப்போது வருகிறீர்கள்?

இப்படிக்கு,
சாமுண்டீஸ்வரி

---

அயனம்பாக்கம்
ஆடி மாதம் 9

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு யார் படித்துக் காட்டினாலும் சரி, அவர் இதோடு நிறுத்திவிட்டுக் காகிதத்தை உங்களிடமே கொடுத்துவிட வேண்டும். உங்களுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

வேதமுத்து வந்தார். நல்ல மனிதர். கொல்லன் உலைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கத்தியை நிமிர்த்தி, கம்பியையெல்லாம் பிரித்து எடுத்து, மறுபடி பூட்டினார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, யந்திரத்தை ஏற்றி இறக்கும் வலப்பக்கத்து லீவரைத் தட்டிக்காட்டி, “இத்த இடதுகைப் பக்கமா மாத்தி வெச்சிடறேன் அண்ணி, ஆனந்தண்ணனுக்கு அதான் தோது” என்றார்.

எதற்கு இடது கைப் பக்கம் என்று கேட்டேன். நீங்கள் சோற்றுக் கையால்தானே எல்லாம் செய்வீர்கள்.

அந்த மனிதர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “உங்களுக்குத் தெரியாதா அண்ணி?” என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கோஹிமாப் பாதையில் லாரி கவிழ்ந்தது, வலது கை அடியில் சிக்கியது, மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள், பூனாவில் உங்களுக்கு வேலை ஒன்றும் இல்லை, அது ஆஸ்பத்திரி, மரக்கை செய்து மாட்டுகிறார்கள் என்று எல்லாம். “ஒத்தக் கையால இனிமே ஏர் ஓட்ட முடியாதுடா, டிராக்டர்னா ஒக்காந்து ஓட்டலாம்னு சொல்லிகினே இருந்தாரு அண்ணி. அந்த மிசின் பேச்சு இல்லேன்னா அவுரு உசுரோட இருந்திருக்க மாட்டாரு” என்றார்.

அழுதேன். ஒரு பொழுது முழுக்க அழுதேன். அடுப்பு மூட்டவில்லை. அதோடு அழுகை தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த கோபம் இன்னும் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை.

அம்பத்தூர் வேதமுத்துவுக்குத் தெரியும். கடிதம் எழுதிக் கொடுத்த குமாஸ்தாவுக்குத் தெரியும். கட்டினவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. கை என்ன முறிந்தா போயிற்று என்று பாவி நான் எழுதியதைப் படித்த அன்றாவது, ஆமாமடி, போய்த்தான் போயிற்று என்று ஒரு வரி எழுத வாய் வரவில்லையா? எண்ணெயைப் பற்றி மூன்று பக்கம் எழுதத் தெரிந்ததே! என்னை என்னவென்று நினைத்தீர்கள்? கை குறைந்த மனுஷனைப் பார்த்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்றா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி நீங்கள் என்னைத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான் என்றால், அந்தக் கை போனதைவிட எனக்கு இதுதான் பெரிய நஷ்டம்.

யந்திரத்தை விற்றுவிட்டேன்.

ஆமாம், உங்களைக் கேட்கவில்லை. ஆவடியில் பட்டாளத்துக்காகப் புதர் வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்திருக்கும் ஒருவரை வேதமுத்துதான் அழைத்துவந்தார். அவரிடம் டிராக்டர் இருக்கிறது. அது அவரிடம் இருக்க வேண்டிய சாமான். என்னைக் கேட்காமல் நீங்கள் விற்றீர்கள், உங்களைக் கேட்காமல் நான் விற்றேன். இரண்டு பேருக்கும் சரியாகப் போயிற்று.

அந்தக் கையோடே மாங்காட்டுக்கு நடந்தேன். முனியன் முதலில் முரண்டு பிடித்தான். கோயில் வாசலில் நாலு பெரியவர்களைக் கூட்டிவைத்து, இது என் பிறந்த வீட்டுச் சீர், என்னைக் கேட்காமல் விற்றது செல்லுமா என்று கேட்டேன். “பொறந்தூட்டு மாட்டை வித்தது தப்புதாம்பா, குடுத்த விலைய வாங்கிகினு ஓட்டி வுட்டுடு” என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். செவலை என்னைக் கண்டதும் கழுத்தை நீட்டிற்று. மாட்டுக்கு இருக்கிற நம்பிக்கை உங்களுக்கு இல்லை.

மீதிக் காட்டை நானும் நடவுக்கு வருகிற குப்பம்மாளும் அன்னம்மாளும் கொக்கியும் அரிவாளுமாக இறங்கி வெட்டிவிட்டோம். ஒவ்வொரு புதராக விலக்கிப் பார்த்துத்தான் வெட்டினோம். எடுத்த முள்கம்பி ஒரு வண்டி இருக்கும். முள்ளை அவர்கள் இருவரும் விறகுக்கு எடுத்துக்கொண்டார்கள். சூளைக்காரன் வந்து பார்த்தான். நிலம் மொட்டையாக நிற்பதையும், கொட்டிலில் மாடு நிற்பதையும், வாசலில் நான் நிற்பதையும் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.  உங்கள் சேதியைச் சொன்னதிலிருந்து உங்கள் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். நாகம்மாள் கஞ்சி கொண்டுவந்து, என்னைச் சாப்பிடவைத்துவிட்டுத்தான் போனாள்.

நேற்று நல்ல மழை. மண் பதமாக இருக்கிறது. கூலிக்கு உழ ஆள் கிடைக்கும், நான் கூப்பிடவில்லை.

கோபத்தில் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள். ஏர் பிடித்து வளர்ந்த மனுஷனுக்கு இது எப்படி மறந்தது? மேழிக்கு எத்தனை பிடி? ஒரு பிடிதானே! அதை நீங்கள் எப்போதும் எந்தக் கையில் பிடிப்பீர்கள்? இடது கையில். வரப்பில் கூழோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள் சொல்கிறேன், இடது கையில்தான். வலது கையில் நீங்கள் பிடித்தது தார்க்கோல், மாட்டை ஓட்டும் வெறும் குச்சி. அந்தக் குச்சி பிடிக்கிற கைக்காகவா என் மாட்டை விற்றீர்கள்? அதற்காகவா இத்தனை நாள் அந்த ஊரில் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள்?

பெண்பிள்ளை மேழியைத் தொடக் கூடாது என்பார்கள். கோலைத் தொடக் கூடாது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆடி முடிய நாள் இருக்கிறது. மரக்கை தயாரானாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, புறப்பட்டு வாருங்கள். எந்த ரயில் என்று மட்டும் எழுதுங்கள். அதை நீங்களே எழுத வேண்டும், இடது கையால். எழுத்து கோணலாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன். மாங்காட்டுக் காமாட்சி உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டும். ஆரத்தித் தட்டைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

கோல் என் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள்மேல் கோபம் தீராத
சாமுண்டீஸ்வரி