ருசி பார்க்கும் டம்ளர்

ஜூன் 4

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நீ டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்று நூறு தடவை சொல்லிவிட்டாய். தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. நான் மட்டும் மாற்றிக் கூப்பிட்டால் யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னபோது சிரித்துவிட்டேன். இப்போது பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் கடைப் பலகையில் 'இன்று அன்னாசி இல்லை' என்பதுதான்.

ஜூஸ் கடை நன்றாக ஓடுகிறது. வெயில் ஏறினால் நம் கடைக்குக் கொண்டாட்டம். காலையில் பழப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன, கழுவுகிறேன், ருசி பார்க்கிறேன், ஷட்டரைத் தூக்குகிறேன். புளிக்கிற ஆரஞ்சை யார் தலையிலும் கட்டியதில்லை என்ற பெயர் இன்னும் கெடவில்லை.

முகாமன்று நடந்ததை மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மறக்கவில்லை. உன் ஆஸ்பத்திரி முகாம் நம் தெருவிலேயே நடக்கிறது என்று பெருமையாக இருபது டம்ளர் ஆரஞ்சு ஜூஸைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ மைக்கில், "ஜூஸா குடிக்காதீங்க, பழமா சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு அம்மா எழுந்து, "உங்க வீட்டுக்காரர் கடையிலயுமா?" என்று கேட்டார். "அங்கயும்தான்" என்றாய். கூட்டமே சிரித்தது. தட்டோடு வாசலில் நின்ற நான் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றேன். பத்து நாளில் உனக்கு இடமாற்றம் வந்தது, நீயும் போய்விட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வீட்டில் சத்தமே இல்லை.

இப்படிக்கு,
அங்கயும்தான் கடைக்காரன்


ஜூன் 13

என் அன்பிற்குரியவருக்கு,

கையெழுத்தில்கூடக் குத்திக்காட்டியிருக்கிறீர்கள். இருக்கட்டும்.

அன்று நான் சொன்னது தப்பில்லை. சொன்ன விதம் தப்பு. அந்த அம்மா கேட்டதும் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று கேட்டுவிடுவார்களே என்று பயந்துபோய் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நீங்கள் தட்டோடு நிற்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால் ஒரு நொடி யோசித்திருப்பேன். அதற்கு மன்னியுங்கள். விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஒரு டம்ளருக்கு நான்கு ஆரஞ்சு பிழிகிறீர்கள். உட்கார்ந்து நான்கு ஆரஞ்சை உரித்துத் தின்ன யாரால் முடியும்? இரண்டிலேயே வயிறு போதும் என்று சொல்லிவிடும். டம்ளரில் ஊற்றினால் நாலும் மூன்று மடக்கில் உள்ளே போகிறது. வயிற்றுக்குக் காவலாக இருக்கிற நாரெல்லாம் சக்கையோடு பால்காரர் மாட்டுக்குப் போகிறது. நல்லதை மாட்டுக்குப் போட்டுவிட்டுச் சர்க்கரையை மனிதருக்குக் கொடுக்கிறீர்கள் என்றுதான் சொல்கிறேன். தினமும் டம்ளர் டம்ளராக வேண்டாம் என்கிறேனே தவிர, விஷம் என்றா சொன்னேன்?

இங்கே எனக்கு மாடியில் ஒரு அறை. கூட ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். படுத்த உடனே தூங்கிவிடுகிற பாக்கியசாலி. ஆஸ்பத்திரியில் என் மேஜைமேல் அளவு காட்டுவதற்குப் பிளாஸ்டிக் பழங்கள் வைத்திருக்கிறார்கள். நேற்று தூசு துடைக்கும்போது அந்த ஆரஞ்சை முகர்ந்து பார்த்தேன். என்ன பைத்தியம் பாருங்கள், உங்கள் சட்டை வாசம் வருமா என்று.

ஒன்று சொல்லவேண்டும். இடமாற்றம் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற படிவம் மூன்று நாள் என் கைப்பையில் இருந்தது. நீங்கள் 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை. ஜன்னலில் இருந்து கடைசிவரை பார்த்தேன்.

அன்புடன்,
உங்களவள்


ஜூலை 9

அன்புள்ளவளே,

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணம் அந்தப் படிவம். நீ போக ஆசைப்படுகிறாய், நான் குறுக்கே நிற்கக்கூடாது என்று வீம்பாக இருந்துவிட்டேன். பஸ் நிலையத்துக்கு வந்தேன். அன்னாசி ஏற்றிய வண்டிக்குப் பின்னால் நின்றேன். போதுமா?

நீ இல்லாமல் நான் இருக்கிற லட்சணத்தைக் கேள். பேண்ட் இடுப்பில் நிற்பதில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. கல்யாணத்துக்கு நீ வாங்கிக் கொடுத்த கடிகாரம் முழங்கை வரை ஓடுகிறது. பக்கத்து மருந்துக்கடைத் தம்பி, "அண்ணி இல்லாம பாதியா போயிட்டீங்கண்ணே" என்று தினமும் கிண்டல் செய்கிறான். எத்தனை தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன், எழுந்த பிறகு கட்டிலில் உன் பக்கத்தைப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை. எதிர்க்கடை போர்டில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. அழுது அழுது கண் கெட்டுவிட்டதோ என்னவோ. அழவில்லை, சும்மா எழுதினேன். ஒரு தடவை அழுதேன்.

எல்லாம் உன்னால்தான். மருந்தும் நீதான் சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
இளைத்துப்போனவன்


ஜூலை 17

என் அன்பிற்குரியவருக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை நர்ஸ் அக்கா பிடுங்கிவிட்டார், "மனப்பாடம் பண்ணி என்ன பரீட்சையா எழுதப்போற?" என்று கேட்டு.

பதினோரு வருஷத்தில் என்னைப் பிரிந்து இளைத்தேன் என்று நீங்கள் சொல்வது இதுதான் முதல் தடவை. வாய்விட்டு எதையும் சொல்லாத மனிதர். உச்சி குளிர்ந்துபோனேன், மறைக்க என்ன இருக்கிறது? உங்கள் கடிகாரம் முழங்கைக்கு ஓடுவதை நினைத்துப் பாவமாகவும் இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது. இத்தனை நாள் நான் மட்டும்தான் ஏங்குகிறேன் என்று நினைத்திருந்தேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கண்ணாடியை மாற்றுங்கள். கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.

நிறைந்த அன்புடன்,
உங்களவள்


ஜூலை 24

என்னங்க,

நேற்று மருந்துக்கடைத் தம்பிக்குப் போன் போட்டு, கடையைப் பூட்டவைத்து உங்களை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப்போகச் சொன்னது நான்தான். ஏன் என்று அவனிடம் விளக்க எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

நேற்று ஒரு லாரி டிரைவர் என் மேஜைக்கு வந்தார். "தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கேம்மா. பேண்ட் நிக்க மாட்டேங்குது. கண்ணு வேற மங்குது" என்றார். நான் தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினேன். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நாலு என்றார். அதையும் எழுதினேன். எழுதியதைத் திரும்பப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. அது உங்கள் கடிதம். அதே நாலு வரி என் கைப்பையில் இருந்தது. தலையணைக்கடியில் வைத்தது போதாதென்று வேலைக்கும் எடுத்துவந்திருந்தேன்.

தினமும் முப்பது பேரைக் கேள்வி கேட்கிறவள் நான். யார் வந்து இதைச் சொல்லியிருந்தாலும் அடுத்த நிமிடம் சர்க்கரை பார்க்க அனுப்பியிருப்பேன். நீங்கள் சொன்னீர்கள், நான் காதல் என்று நினைத்துக்கொண்டேன். ஏங்கிக்கிடந்ததால் கண் அவிந்துபோயிற்று. ஒரு வாரத்தை வீணடித்துவிட்டேன்.

இன்னொரு கேள்வி. இதையும் ஊரில் எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன், பதினோரு வருஷத்தில் உங்களிடம் கேட்டதில்லை. ஒரு நாளைக்கு என்னென்ன குடிக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

உங்களவள்


ஆகஸ்ட் 28

அன்புள்ள டாக்டரம்மா,

ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு என்று மருந்துக்கடைத் தம்பி அன்றே உனக்குப் போனில் சொல்லியிருப்பான்; உடம்பு தேறட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். சோதனை செய்த பெண், "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டாள். "எங்க வீட்டம்மா" என்றேன். "நல்ல நேரத்துல சொல்லியிருக்காங்க" என்றாள். இந்தத் தடவை கையில் தட்டில்லாமல் நின்றாலும் உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

உன் கேள்விக்குப் பதில். காலையில் ஒவ்வொரு பெட்டிக்கும் ருசி பார்ப்பேன் அல்லவா? ஒரு வாய் என்று நீ நினைத்திருப்பாய். பாதி டம்ளரைக் குடித்துவிட்டு மீதியைக் கொட்ட எனக்கு மனசு வராது. ஆரஞ்சு ஒன்று, திராட்சை ஒன்று, அன்னாசி ஒன்று, மாதுளை ஒன்று. முழு டம்ளர். சாயங்காலம் ஜாடியில் மிஞ்சுவதும் எனக்குத்தான். பழம்தானே, உடம்புக்கு நல்லதுதானே என்று, கடை போட்ட நாளிலிருந்து பதினாறு வருஷமாகக் குடித்திருக்கிறேன். டாக்டர், "ஜூஸ் மேல மட்டும் பழி போடாதீங்க, உங்க அப்பாவுக்கும் இருந்திருக்கு" என்றார். அவர் நல்லவர். நீ சொன்னபோதே கேட்டிருக்கலாம் என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது மாத்திரை, காலையில் நடை. கடையில் ஒரு பக்கம் வெட்டிய பழம் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். ஜூஸுக்குச் சின்ன டம்ளர் வாங்கிவிட்டேன், சர்க்கரை போடுவதில்லை. 'பழமாகச் சாப்பிட்டால் நல்லது, ஆசைக்குச் சின்ன டம்ளர்' என்று பலகையில் எழுதினேன். முகாமில் உன்னைக் கேள்வி கேட்ட அதே அம்மா வந்து படித்துப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா ஜெயிச்சுட்டாங்க போல" என்றார். ஆமாம் என்றேன்.

ஆனால் நான் ஒரேயடியாகத் தோற்கவில்லை. போன வாரம் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கூட்டத்தில் சாப்பிட மறந்துபோனேன். கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, ஸ்டூலில் சாய்ந்துவிட்டேன். மருந்துக்கடைத் தம்பி ஓடிவந்து, சர்க்கரை இறங்கிவிட்டது என்று சொல்லி, நானே பிழிந்து வைத்திருந்த ஆரஞ்சு ஜூஸை எனக்கே புகட்டினான். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். பயப்படாதே, டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்துவிட்டார். என் ஜூஸும் ஒரு நாள் ஒரு ஆளைக் காப்பாற்றியது என்று மட்டும் எழுதிவை.

இப்போது முக்கியமான விஷயம். தாகம் போய்விட்டது. பெல்ட் பழைய ஓட்டைக்கு வந்துவிட்டது. கடிகாரம் மணிக்கட்டில் நிற்கிறது. போர்டில் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ராத்திரி எழுந்திருப்பதில்லை. எல்லாம் சர்க்கரைதான் என்று ஆகிவிட்டதில் எனக்கு வெட்கம். உன்னைப் பிரிந்து இளைத்தேன் என்று பொய் சொன்னவன் மாதிரி ஆகிவிட்டேனே.

ஆனால் ஒன்று மட்டும் குறையவில்லை. சமைத்தால் இரண்டு தட்டு எடுத்து வைக்கிறேன், பிறகு ஒன்றைத் திரும்ப அடுக்குகிறேன். பஸ் நிலையத்துப் பக்கம் வேலையே இல்லாமல் போகிறேன். யாராவது பெண்பிள்ளை கணீரென்று பேசினால் திரும்பிப் பார்க்கிறேன். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. இதற்குச் சோதனையும் இல்லை, மாத்திரையும் இல்லை. சர்க்கரை இறங்கியும் இது இறங்கவில்லையென்றால், இது சர்க்கரை இல்லை.

போகாதே என்று சொல்லத் தெரியாமல் உன்னை அனுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். வந்துவிடு.

உன்னவன்


செப்டம்பர் 5

என்னங்க,

இன்று காலை மேலதிகாரியிடம் திரும்பிப்போக விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். "அங்க என்னம்மா அவசரம்?" என்றார். "ஒரு நோயாளி இருக்காரு சார், நான் இல்லைன்னா சொல்பேச்சு கேக்கமாட்டாரு" என்றேன். உத்தரவு வர ஒரு மாதம் ஆகலாம். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டுப் போகிறேன். காலை ஏழரை மணி பஸ். அன்னாசி வண்டிக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் நில்லுங்கள்.

பெட்டிகள் வந்து இறங்கியிருக்கும். கழுவி வையுங்கள், பிழிந்தும் வையுங்கள். நீங்கள் குடிக்கவேண்டாம். இனி ருசி நான் பார்க்கிறேன்.

ஒரு வாய்தான்.

உங்களவள்