ஆற்று மேட்டில் நீ நின்ற இடம்

புவனா, கண்ணு,

நீ உயிரோடு இருந்தபோது உன்னை ஒருமுறைகூட இப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அதெல்லாம் வராது என்று உனக்குத் தெரியும். இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று நடந்திருக்கிறது. போன மாதம் உன் பெண் யாழினியோடு அந்த ஆற்றங்கரைக்குப் போய்வந்தேன்.

இடம் அப்படியேதான் இருக்கிறது. ஊத்துக்கோட்டையைத் தாண்டி, மலையடிவாரக் காட்டில், மருத மரங்களுக்குக் கீழே ஏழெட்டுக் கூடாரங்கள். ஆற்றுக்கு இறங்கும் மண்படிகளுக்கு இப்போது மூங்கிலில் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். குரங்குகள் இன்னமும் ரொட்டிப் பாக்கெட்டைத்தான் குறிவைக்கின்றன.

நாற்பத்து மூன்று வயதில் உனக்கு அதுதான் முதல் பயணம், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போனதைத் தவிர்த்தால். நானும் என் கல்லூரியில் உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள் சிலரும் இரண்டு நாள் கூடாரத்தில் தங்கப் போகிறோம் என்றதும் நீயாகவே வருகிறேன் என்றாய். உன் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. கணவனை விட்டு வந்த தங்கையைச் சேக்காட்டில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் குடிவைத்து, பதினைந்து வருடம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி விட்டு நீ வர ஐந்து நிமிடம் தாமதமானாலும் பால்கனிக்கு வந்து நின்றுவிடுவார்.

அங்கே போய் இறங்கியதும் நீ செய்த முதல் காரியம் நினைவிருக்கிறதா? கூடாரத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாய். இருபது வருடம் சட்டைகளில் நூல் பிசிறு தேடிய கை அல்லவா. "இன்னா அண்ணி இது, ஒத்தத் தையலப் போட்டு வுட்ருக்கான். ஒரு மழைக்குத் தாங்குமா?" என்று, கூடாரம் போட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டாய். ஊசி நூல் தரட்டுமா என்று அவர் கிண்டலாகக் கேட்க, நீ நிஜமாகவே வாங்கித் தைத்தாய். சாயங்காலம் நைட்டியோடு ஆற்றில் இறங்கி, கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்துகொண்டாய். இன்றைக்கு ராத்திரிக்கு என்ன சமையல் என்று உன்னை யாரும் கேட்கவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாய்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு மேடேறும்போது பாதிப் படியில் நின்றுவிட்டாய். ஒரு கை மரத்தில், ஒரு கை நெஞ்சில். உதடு வெளுத்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல அண்ணி, கேஸு. நேத்து துன்ன பரோட்டா நெஞ்சுலயே நின்னுகினு கீது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிடாத. அப்புறம் இன்னொருவாட்டி என்ன எங்கியும் வுடாது" என்றாய்.

சரி என்றேன்.

அடுத்தவர் விஷயத்தில் தலையிடாதவள் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. உன் வாழ்க்கையில் எல்லோரும் தலையிட்டார்கள். நானாவது தள்ளி நிற்கிறேன் என்று நினைத்தேன். வேதியியல் நடத்துகிறவள், எதற்கும் ஆதாரம் கேட்கிறவள், உன் 'கேஸை' மட்டும் ஏன் அப்படியே ஏற்றுக்கொண்டேன்? உன்மீது இருந்த மரியாதையாலா, எனக்கு வசதியாக இருந்ததாலா?

நான்கு மாதம் கழித்து, டீ இடைவேளையில், கம்பெனி மாடிப்படியில் விழுந்தாய். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போதே நீ இல்லை. மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், முன்னாடி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்கள். ஒன்றுமே தெரியவில்லை என்று உன் அண்ணன் ஒவ்வொருவரிடமும் சொன்னார். நான் அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். இதயத் தசை தடித்துப்போகும் ஒரு கோளாறு சில குடும்பங்களில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரலாமாம். நடுவயதில் இப்படித் திடீரென்று போனவர்களின் பிள்ளைகளையும் பரிசோதித்துவிடுவது நல்லதாம். உனக்கு இருந்தது அதுதானா? தெரியாது, இனித் தெரிந்துகொள்ளவும் முடியாது. ஆனால் யாழினியை ஒரு டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் திடீரென்று என்று உன் அண்ணன் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒரு வருடத்தைக் கடத்திவிட்டேன். அது உன் பெண்ணின் வருடம், புவனா.

அம்மா சந்தோஷமாக இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று யாழினிதான் கேட்டாள். உன் அண்ணன் இந்த முறை மறுக்கவில்லை. நான் கூட இருந்தால் தனக்குப் பயமில்லை என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

ஆற்றிலிருந்து மேடேறும்போது உன் பெண் நின்றாள். நீ நின்ற இடத்துக்கு நாலைந்து படி கீழே. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மூச்சு வாங்குது, அவ்ளோதான் அத்தை. ஆபீஸ்ல லிஃப்ட் ஓடாத அன்னிக்கும் வரும். மாமாகிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் ஜிம்முக்குக்கூட விடமாட்டாரு."

இந்த முறை சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அவளை அந்தப் படியிலேயே உட்காரவைத்து, நீ நின்றதை, நீ சொன்னதை, நான் ஒப்புக்கொண்டதை, அப்புறம் படித்ததைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சொல்லாதன்னு சொன்னது மாமாவுக்குத்தானே அத்தை? டாக்டருக்குமா?"

எழுந்தாள். மேலே போய்த் தன் பையைத் தானே கட்டினாள். திரும்பும்போது டிரைவர் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணனிடமும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "என்னப் பாத்துத்தான் பயந்தாளா அவ?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாமோ? கீழே போய், யாழினி எங்களோடு மாடிக்கு வந்த பிறகு பூட்டிக் கிடந்த உன் வீட்டைத் திறந்து, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் யாழினி வரத் தாமதமானாலும் பால்கனிப் பக்கம் போவதில்லை. டீவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். நீ கேட்ட சுதந்திரம் இப்படித்தான் உன் பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறது.

யாழினிக்கு ஈசிஜி எடுத்தார்கள். ஏதோ வித்தியாசம் தெரிகிறது, எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். ஜிம் வேண்டாம், ஓட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறது.

இன்று காலை சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் மருத்துவமனை கொடுத்த காகிதம். குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், என்னென்ன தொந்தரவு என்று கேட்டிருந்தார்களாம். அம்மாவுக்கு எத்தனை தடவை அப்படி வந்தது என்று கேட்டாள்.

அவளிடமும் உன் அண்ணனிடமும் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது, புவனா. ஆற்றங்கரையோடு அது முடியவில்லையே. ஆவடி ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஒருமுறை, நம் வீட்டு மாடிப்படியில் ஒருமுறை. இரண்டு முறையும் நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். இரண்டு முறையும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மூன்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

"மூணு தடவையா?"

"மூணு."

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளிவாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வியாழக்கிழமை எட்டரைக்கு அங்க இருக்கணும். லேட் பண்ணிடாதீங்க" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள்.

எட்டு மணிக்கே போய் உட்கார்ந்திருப்பேன். உள்ளே டாக்டர் என்ன கேட்டாலும் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்வேன். இனி உன் பெண் எதையாவது மறைக்கச் சொன்னால், அவள் முகத்துக்கு நேரே முடியாது என்பேன். அதற்காக அவள் என்னை வெறுத்தாலும் பரவாயில்லை. இது நான் உனக்குத் தரும் வாக்கு. முன்பு ஒரு வாக்குத் தந்தேனே, அதை மீறியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அத்தனை நாள் அதைக் காப்பாற்றியதற்குத்தான் கேட்கிறேன்.

உன் அண்ணி,
சுமதி