கடை பாஸ்வேர்டு

ஜூன் 9, திங்கள்

காலையில் தூறல். ஒன்பது மணிக்கே சுள்ளென்று வெயில். கடை திறந்ததும் பிரிண்டருக்கு மை ஊற்றினேன், கை முழுக்கக் கருப்பு. சோப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பத்து மணிக்குக் கோகிலா வந்தாள். லேப் டெக்னீசியன் படித்த பெண். போன மாதம் ஓசூர் ஆஸ்பத்திரி வேலைக்கு நான்தான் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது பாருங்கள் என்றாள். திறந்தால், "விண்ணப்பதாரரால் திரும்பப் பெறப்பட்டது" என்று நிற்கிறது. மூன்று தடவை படித்தோம்.

"நான் எதுவுமே பண்ணலக்கா."

"நானும் பண்ணல கண்ணு."

திரும்பப் பெற்ற நேரம், நேற்று ஞாயிறு மதியம். ஓ.டி.பி. போனது அவள் புருசன் மாதேஷின் நம்பருக்கு. விண்ணப்பம் போட்டபோது அவளுக்குத் தனி நம்பர் கிடையாது, வீட்டு நம்பர் என்று அவனுடையதைத்தான் கொடுத்தோம். சரி, ஓ.டி.பி. போகட்டும். பாஸ்வேர்டு அவனுக்கு எப்படித் தெரிந்தது?

பாஸ்வேர்டுகளை எழுதி வைக்கும் நோட்டைப் புரட்டினேன். மாதேஷுக்கு டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பம் போட்டதும் நான்தான். அவனுக்கு வைத்தது மாதேஷ்@123. இவளுக்கு வைத்தது கோகிலா@123. எட்டு வருடமாக இந்தக் கடையில் எல்லோருக்கும் இதுதான். பெயர், நடுவில் ஒரு சுழி, அப்புறம் ஒன்று இரண்டு மூன்று. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் "கடை பாஸ்வேர்டுதான்" என்பார்கள். நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், மறக்கவே மறக்காது என்று.

கோகிலா அழவில்லை. "நான் ஓசூர் போறது அவருக்குப் புடிக்கலக்கா. ஆனா இப்பிடிப் பண்ணுவாருன்னு நெனைக்கல." அவ்வளவுதான் சொன்னாள்.

மறுபடி போடலாம். கடைசி நாள் வெள்ளி, மாலை 5 மணி. ஆனால் அனுபவச் சான்று புதுத் தேதியில் கேட்கிறது. அவள் இப்போது வேலை பார்க்கும் லேபின் முதலாளி வெளியூர், வியாழக்கிழமைதான் வருகிறார்.

இன்று முடித்தது: தளத்தில் இருந்த மாதேஷின் நம்பரை அவளுடைய புது நம்பருக்கு மாற்றியாயிற்று. புது இ-மெயில் ஒன்று தொடங்கியாயிற்று. பாஸ்வேர்டு மறந்தால் மீட்க அதற்கு ஒரு மாற்று நம்பர் கேட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

பாஸ்வேர்டுக்கு என்ன செய்வது? பெங்களூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"இன்னுமா நோட்டுல எழுதற? அய்யோ அக்கா! ஒரு மேனேஜர் ஆப் போடு. அதுவே பாஸ்வேர்டு போட்டுத் தரும், அதுவே வெச்சிக்கும். ஒரு மாசம் சும்மா பாரு, அப்புறம் சந்தா கட்டு."

போட்டேன். என் போனில் ஒன்று, கடைக் கம்ப்யூட்டரில் ஒன்று. இருபது எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு கொடுத்தது, வாயில் சொல்லவே முடியாது. கோகிலாவின் இ-மெயிலுக்கு ஒன்று, விண்ணப்பத்துக்கு ஒன்று. அவள் போனிலேயே சேமித்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். அந்தப் போன் அவன் விரல் வைத்தாலும் திறக்குமாம்.

"நீங்களே வெச்சிக்கோங்கக்கா. உங்ககிட்ட இருந்தா எனக்குத் தைரியம்."

அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

எல்லாவற்றையும் திறக்க ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு. நீளமாக, மறக்காத மாதிரி, நாலு வார்த்தை வை என்றான் தம்பி. எங்கள் வீட்டு எருமையைப் பற்றி, அது சொன்ன பேச்சைக் கேட்காது என்று ஒரு வாக்கியம், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்தேன். முழுதாக இங்கே எழுத மாட்டேன். சிரிப்பு வந்தது. இன்று முழுவதும் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

ஜூன் 10, செவ்வாய்

சந்தை நாள். ஆட்டுக்கு வந்தவன், தக்காளிக்கு வந்தவன், பட்டா நகலுக்கு வந்தவன், எல்லோரும் கடைக்குள். பேப்பர் ஒரு கட்டு காலி.

நடுவில் யோசித்தது, ஊரார் பாஸ்வேர்டுகளை எதில் வைப்பது என்று:

நீள நோட்டு மூன்று. எட்டு வருடப் பெயர்கள். திருடு போக வேண்டியதே இல்லை. உள்ளே இருப்பதை வெளியே நிற்பவனே சொல்லிவிடுவான்.

பிரவுசரிலேயே சேமிப்பது. காசு கிடையாது. ஆனால் கடைக் கம்ப்யூட்டரில் யார்தான் உட்காரவில்லை? நான் டீ குடிக்கப் போனால் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கூட உட்கார்ந்துவிடுகிறார்.

போனில் கூடவே வரும் பாஸ்வேர்டு பெட்டி. அதற்கும் காசில்லை. என்னுடைய கரண்ட் பில், பேங்க், கடை ஐ.டி. இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். ஊரார் ஐ.டி.யை என் சொந்தப் போனில் போட்டுக்கொண்டு எங்கே போவது? போன் தொலைந்தால்?

சந்தா ஆப். தனித்தனி அறை மாதிரி பிரித்து வைக்கலாம், அவரவருக்குப் பங்கு கொடுக்கலாம் என்கிறான் தம்பி. நல்லதுதான். மாதாமாதம் கட்ட வேண்டும். ஒரு மாதம் கட்டாவிட்டால் எல்லார் சாவியும் அவர்களிடம் மாட்டிக்கொள்ளுமா? கேட்டேன். "அப்பிடியெல்லாம் பண்ண மாட்டாங்க" என்றான். மாட்டார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறான்?

வத்தல்மலையிலிருந்து ஒரு ஆத்தா, உதவித்தொகைக்கு. பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று முதல் தடவையாக ஒரு ஆளைக் கேட்டேன்.

"என்ன கேக்கறியே! எல்லாருக்கும் போடறதையே போடு. நாலு பேருக்கு ஆவறது எனக்கு ஆவாதா?"

கை தானாக அதையே போடப் போய்விட்டது. பெயரை அடித்து, சுழியையும் அடித்துவிட்டு அழித்தேன்.

வேறு யார் வீட்டில் யார் எதைத் திறந்து பார்க்கிறார்கள்? மாதேஷ் ஒருவன்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? மாமியார், மச்சான், சொத்துத் தகராறில் இருக்கிற அண்ணன் தம்பிகள். எல்லோருக்கும் சாவி அடித்துக் கொடுத்தவள் நான்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. போனும் அணைந்துவிட்டது. ஆறு மணிக்குச் சார்ஜ் ஏறித் திறந்தால், ஆப் விரலை ஏற்கவில்லை. மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்கிறது. எருமையை அடித்தேன். தவறு என்றது. கம்ப்யூட்டரிலும் தவறு.

ஜூன் 11, புதன்

மேகமூட்டம். மழை இல்லை. தலைவலி.

வாக்கியம் மறக்கவில்லை. எழுத்துதான் மறந்துவிட்டது. "கேக்காது" என்பதில் எத்தனை கே? கடைசியில் டி.எச்.சா, டி மட்டுமா? எருமைக்கு ஒரு ஆர்தானே? வீட்டுக்கு இரண்டு ஈயா, ஒரு ஐயா? டி எத்தனை? ஒரு தாளில் எழுதி எழுதி அடித்தேன். பதினொரு விதம். அப்புறம் ஆப்பே கொஞ்சம் பொறுத்து வா என்று நிறுத்திவிட்டது. காலை முதல் மதியம் வரை இதே வேலை. விண்ணப்பம் போட வந்த இரண்டு பேரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

தம்பி: "மாஸ்டர் போச்சுன்னா கம்பெனிக்காரனுக்கே தெரியாதுக்கா. அதுதான் அதோட பெருமையே."

"பெருமையைக் கொண்டுபோய் அடுப்புல போடு."

விண்ணப்பத் தளத்தில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்துப் பார்த்தேன். இ-மெயிலுக்கு அனுப்பியிருக்கிறோம் என்கிறது. அந்த இ-மெயிலின் பாஸ்வேர்டும் ஆப்புக்குள்ளேதான். மாற்று நம்பர்தான் நான் போடவே இல்லையே. புதிதாக இன்னொரு கணக்குத் தொடங்கவும் வழியில்லை, ஒரு ஆளுக்கு ஒரு பதிவுதான். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியிருக்கிறேன்.

நோட்டாக இருந்தால் இந்நேரம் புரட்டிப் பார்த்திருப்பேன். நினைத்ததும் என் மேலேயே கோபம். அந்த நோட்டால்தானே வந்தது எல்லாம்.

நாலு மணிக்குக் கோகிலாவிடமிருந்து செய்தி. "லேப் சார் நாளைக்கு வராரு. சர்டிபிகேட் ரெடி ஆயிடும். வெள்ளிக்கிழமை வரன்க்கா." கட்டைவிரல் பொம்மையை அனுப்பினேன். என்னால் திறக்க முடியவில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு மூன்று வருடப் படிப்பு, இரண்டு வருட லேப் வேலை, வயது வரம்புக்கு இது கடைசி வாய்ப்பு. எல்லாம் என் எருமையிடம் நிற்கிறது.

வீட்டில் இவர் என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "ஒன்னுமில்லாததுக்கா குழம்புல ரெண்டு தடவ உப்பு போட்ட?" என்றார்.

ஜூன் 12, வியாழன்

காற்று. ஷட்டர் கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது.

பதினொரு மணிக்கு மாதேஷ் வந்தான். டெம்போவை எதிரே நிறுத்திவிட்டு நேராக உள்ளே. கடையில் ஆள் இல்லை. நான் எழுந்துகொண்டேன், எதற்கு என்று தெரியவில்லை.

"அக்கா, கோகிலா பாஸ்வேர்டு மாறிடுச்சாமே. புதுசு என்னா?"

"எனக்குத் தெரியாது மாதேஷு."

"நீங்கதான போட்டீங்க?"

"நான்தான் போட்டேன். எனக்குத் தெரியல."

சிரித்தான். "என்னக்கா வெளையாடறீங்க? ஊர்ல அத்தன பேர் பாஸ்வேர்டும் உங்ககிட்டதான இருக்குது."

"நீ அன்னிக்குப் பண்ணது தப்பு. அவ எத்தன நாளாப் படிச்சா, தெரியுமில்ல?"

"தப்பு என்னக்கா இதுல? நான் எதையாவது ஒடைச்சனா? நீங்க போட்ட பூட்டு, என் சாவியே அதுக்குச் சேந்துச்சு."

அவன் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

அப்புறம் கொஞ்சம் தணிந்து பேசினான். "எங்கம்மாவுக்கு நடக்க முடியல. இவ ஓசூர்ல ரூம் எடுத்துத் தங்கிட்டா யாருங்க்கா பாக்கறது? நான் பாதி நாளு லோடுல கீறன். இது எங்க வூட்டு விசயம். நீங்க நடுவுல வராதீங்க."

"அதை அவகிட்ட உக்காந்து பேசு. என் கம்ப்யூட்டர்ல வந்து பேசாத" என்றேன். போய்விட்டான். டெம்போ கிளம்பும் வரை நின்றுகொண்டே இருந்தேன்.

உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். எங்க வூட்டு விசயம். எங்க வூட்டு.

அட கடவுளே! வூட்டு!

இரண்டு நாளாக "வீட்டு" என்று பதினொரு விதமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்க ஊரார் விண்ணப்பத்தில் எழுத்துப் பிழை திருத்தும் புத்தி. திங்கட்கிழமை சிரித்துக்கொண்டே அடித்தபோது வாயில் வருகிற மாதிரிதானே அடித்திருப்பேன்! எங்கள் வீட்டில் யார் எருமையை "வீட்டு எருமை" என்கிறார்கள்?

வி, யு. தவறு. வி, இரண்டு ஓ, ஒரு டி. தவறு. வி, இரண்டு ஓ, இரண்டு டி. திறந்தது.

அழுதுவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த அம்மா பயந்துபோய் "என்னாச்சு சாமி" என்றார். கண்ணில் தூசு என்றேன். இதில் நன்றி சொல்ல வேண்டிய ஆள் மாதேஷ் என்பதுதான் தாங்கவில்லை.

உடனே செய்தவை: கோகிலா இ-மெயிலுக்கு அவள் நம்பரைச் சேர்த்தேன். மாஸ்டரை மாற்றினேன். புதியதை எங்கும் எழுதவில்லை. இல்லை, எழுதினேன், ஒரு சீட்டில். அரிசி டின்னுக்குள்.

மதியம் தம்பிக்குச் சொன்னேன், சந்தா வேண்டாம் என்று. "காசுக்குப் பாக்கறியா?" என்றான். காசு இல்லை. சந்தா கட்டினால் ஊரார் சாவியை இன்னும் பத்திரமாக நானே வைத்திருப்பேன். எனக்கு இருப்பது ஏழெட்டு ஐ.டி. அதற்குப் போனில் வருவது போதும். மற்றவர்களுடையதை அவரவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. அத்தனை பேரையும் கூப்பிட்டு, உங்கள் பூட்டு பூட்டே இல்லை என்று நானே சொல்ல வேண்டும். கடைக்கு ஆள் வருவார்களா?

ஜூன் 13, வெள்ளி

வெயில். காலையிலேயே நாலு பேருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் திட்டினார். பென்னாகரத்துக்காரர் ஒருவர் "அப்போ இனிமே என்னுது என்னா?" என்றார். நீங்களே ஒன்று யோசியுங்கள் என்றேன். யோசித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

மூன்று மணிக்குக் கோகிலா வந்தாள், சான்றிதழோடு. தளம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்கேன் பெரிதாக இருக்கிறது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. சின்னதாக்கினேன். ஓ.டி.பி. அவள் போனுக்கே வந்தது. 4.20க்குப் போய்ச் சேர்ந்தது. ஒப்புகைச் சீட்டு இரண்டு பிரிண்ட். இரண்டையும் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் எல்லாம் சொன்னேன். பூட்டிக்கொண்டது, பதினொரு விதம், மாதேஷ் வந்தது.

"அவருகிட்டத் தெரியாதுன்னு சொன்னது நெசமாவே தெரியாமதானா?"

"நெசமாத்தான்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களாக்கா?"

"மாட்டேன்" என்றேன். ஆனால் சொல்ல ஒரு நொடி ஆகிவிட்டது. அவன் டெம்போ, அவன் அம்மா, எட்டு வருடமாக எல்லோரிடமும் நான் எடுத்த நல்ல பெயர், எல்லாம் அதற்குள் வந்து போயின. அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள்.

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தைத் தானே தேடித் திறந்தாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கக்கா."

திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கடை, என் கம்ப்யூட்டர். சுருக்கென்றுதான் இருந்தது. அவள் நிதானமாக, ஒவ்வொன்றாகத் தட்டினாள். பதினாறு எழுத்து.

எண்ணியிருக்கக் கூடாது.