அமிலம் தின்ற கறுப்பு

1787 மார்ச் 6, செவ்வாய்

பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். படம் கீறிய செப்புத் தகடு, கோடுகள் அரித்துப் பதிவதற்காக அமிலத்தில் கிடந்தது. இறகால் குமிழ்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மைத்துனன் சைலஸ் படியேறி வந்து, ஆற்றுக்கு அக்கரையில் சதர்க்கில் தன் அம்மா வீட்டில் காய்ச்சலாகக் கிடந்த என் மனைவி கெசியா போய்விட்டாள் என்றான். இறகை வைத்துவிட்டு அவனோடு நடந்தேன்.

தகட்டை எடுக்கவில்லை.

மார்ச் 12, திங்கள்

அடக்கம் முடிந்து இன்றுதான் கடைக்குப் போனேன். அந்தத் தகட்டில் இருப்பது ஒரு கேலிப்படம். கண்காட்சியில் ஒரு பெரிய ஓவியம். முன்னால் கனவான்கள் ஒற்றைக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, ஒருவர் மற்றவரைப் பார்த்து வியக்கிறார்கள். ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக் கொட்டாவி விடுகிற ஒரே பெண் கெசியா. எதிரில் உட்காரவைத்து வரைந்தது. அவள் முகம் வேறெங்கும் இல்லை.

கூட்டத்தை அமிலம் தொடாதபடி முன்பே அரக்குப் பூசி மூடியிருந்ததால் அது தப்பியது. படத்துக்குள் இருந்த ஓவியத்தைத்தான் அமிலம் தின்றுவிட்டது. ஒரே கறுப்பு. கடைக்கார அம்மா திருமதி பர்ஸ்லோ தகட்டை வெளியே எடுத்து அதையே அச்சடித்துச் சன்னலில் தொங்கவிட்டிருக்கிறார்.

மார்ச் 15, வியாழன்

சன்னல் முன்னால் கூட்டம். படத்திலிருக்கிற அதே ஆட்கள் — அதே கண்ணாடி, அதே சாய்ந்த தலை. சர் ஆம்ப்ரோஸ் என்பவர் அந்தக் கறுப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். ரோமாபுரியில் இந்த நிழலைப் பார்த்திருக்கிறாராம். அங்கே போகாதவர்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒருவர், யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, அழுதார்.

நான் இன்னும் அழவில்லை. என்னில் ஏதாவது பழுதா?

மார்ச் 24, சனி

ஆயிரம் தாள் தாண்டிவிட்டது. அச்சு உருளைக்குள் போய் வர வரச் செம்பு தேயும். ஆழமான கறுப்பு நிற்கும். மெல்லிய கோடு முதலில் போகும். இன்றைய தாளில் கெசியாவுக்குப் புருவம் இல்லை.

அச்சடிப்பதை நிறுத்தச் சொல்லிப் பர்ஸ்லோ அம்மாவிடம் கேட்டேன்.

“ஏம்ப்பா ஜோயெல், நம்ம அடுப்பு எரியுறதே அந்தக் கறுப்பாலதான். மூஞ்சி போனா வேற மூஞ்சி கீறிக்கோ. கொட்டாவிதானே.”

கொட்டாவிதானே.

மார்ச் 28, புதன்

கீறும் ஊசியை எடுத்தேன். அவ வாய் எப்படி இருந்துச்சு? நான் கீறினா அது நான் கீறினது, அவ இல்லியே. வைத்துவிட்டேன்.

மார்ச் 30, வெள்ளி

சர் ஆம்ப்ரோஸ் புதுத் தாளை வெளிச்சத்தில் பிடித்து, முன்பு வாங்கியதைவிட இது உயர்ந்தது என்றார்.

“அந்தப் பொண்ணு இருட்டுல கரையுறா, பாத்தீங்களா? என்ன ஒரு அடக்கம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எதுக்குடா ஆட்டின?

மார்ச் 31, சனி

முகத்தைத் திருத்தி வருகிறேன் என்று சொல்லித் தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மையைத் துடைத்தேன். தாளில் எல்லாம் இடவலம் மாறி விழும். அவள் மச்சம் தவறான கன்னத்தில் இருக்கும். செம்பில் சரியான கன்னத்தில் இருக்கிறது. புருவம் விரலுக்கு மட்டும் தெரிகிறது.

ஏப்ரல் 2, திங்கள்

பர்ஸ்லோ அம்மா ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். கதவு தட்டும் இரும்பு வளையத்தில் பழைய கையுறையைச் சுற்றிக் கட்டிவிட்டேன். அப்படிக் கட்டினால் உள்ளே நோயாளி, தட்டாதே என்று அர்த்தம்; ஊருக்கே தெரியும். தகடு கட்டிலில், அவள் படுக்கும் ஓரத்தில்.

கீழே யாரோ தட்டுகிறார்கள். பொத், பொத் என்று பஞ்சில் குத்துவதுபோல் கேட்கிறது. நான் இறங்கவில்லை.