நான் நிமிர்த்திய வால்

மார்ச் 12, வியாழன். வெள்ளவத்தை.

ராசநாயகம் மாஸ்டர் பத்து வருடமாக எழுதிய விலங்கியல் புத்தகத்துக்கு நான்தான் புரூப் பார்த்தேன். அதில், அழிந்துபோன கடல் முதலை ஒன்றின் எலும்புப் படம். வால் நுனி முறிந்து கீழே தொங்கியது. படம் கீறியவனின் பிழை என்று எண்ணி, அழித்து நேராக வரைந்துவிட்டேன். பத்திரிகையில் பகிடித் துணுக்கு எழுதுகிறவனுக்கு எலும்பும் தெரியும் என்ற நினைப்பு.

இன்று கொட்டாஞ்சேனை அச்சகத்தில் மாஸ்டர் முதல் பிரதியைப் பிரித்தார்.

"ஐசே, இந்த வாலை ஆர் தொட்டது?"

"முறிஞ்சிருந்தது மாஸ்டர், நான்தான்..."

"முறியேல்லை. அந்த வளைவிலதான் மீனுக்குப்போல வால் செட்டை நிக்கும். முதுகில ஓடு இல்லை, காலெல்லாம் துடுப்பு. இதுகளை வச்சுத்தான் ஆத்து முதலையிலயிருந்து பிரிக்கிறது. நீர் அதைப் பேக்கரியில விக்கிற முதலை வடிவக் கிம்புலா பணிஸ் ஆக்கிப்போட்டீர்."

அச்சகமே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிரதிகளையெல்லாம் வீட்டுக்கு ஏற்றிவந்துவிட்டேன். பிளேட்டால் நேர் வாலைச் சுரண்டி, பேனாவால் கீழே வளைத்துக் கீறுகிறேன். இதுவரை கீறியதில் ஒன்றுகூட நீந்தும்போல் இல்லை.