மூன்றாவது தேசிக்காய்

10 மார்ச் 2025, திங்கள்

எல்லாவற்றையும் நான் முன்னமே சொன்னவன். வாயால் அல்ல, மனதுக்குள். தில்லையம்பலம் அத்தான் கசினோ மெஷினில் விழுவார் என்று தைப்பொங்கலன்றே எனக்குத் தெரியும். இப்போது சனிக்கு சனி எபினே என்ற புறநகரையும் தாண்டிப் போய் அதற்கு முன்னால் குந்தியிருக்கிறார். பழக்கிவிட்டது புதுச்சேரி ரொபேர், ஓய்வுபெற்ற தபால்காரர்.

இன்று ஜெகதீஸ்வரி அக்கா நான் வேலை செய்யும் கடைக்கே வந்துவிட்டாள். "தம்பி, வாற சனியும் உன்ரை அத்தான் போனால், நான் ஆர்ஜொந்தெய்க்கு மகள் வீட்டை போயிடுவன். திரும்பி வரமாட்டன்."

அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் கூட்டிவருகிறேன் என்று நெஞ்சில் தட்டிச் சொன்னேன்.

12 மார்ச், புதன்

எட்டாம் வகுப்போடு நின்றாலும் மனோதத்துவம் எனக்கு இரத்தத்தில் ஓடுகிறது. வெல்வதற்கென்று ஒருவரும் அங்கே போவதில்லை. மெஷினில் மூன்று தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழப் படம், வரிசையாக வரவேண்டும். இரண்டு வரும்; மூன்றாவது கோட்டுக்குச் சற்று மேலே நின்று பல்லிளிக்கும். அது தோல்விதான். ஆனால் "கிட்ட வந்திட்டன்" என்று போன் எடுக்கும் சொந்தக்காரர் மாதிரி. ஆள் இன்னும் குளிக்கவே இல்லை. நாங்கள் சோற்றைப் போட்டுவிட்டுக் காத்திருப்போம்!

இதை லூயி-பிளாங் தெருத் தேத்தண்ணிக் கடையில் விளக்கினேன். இருபது பேர் கைதட்டினார்கள்.

15 மார்ச், சனி

போனேன். மெஷினின் தலையில் ஒரு நிசத் தேசிக்காய், குங்குமப் பொட்டோடு! ஐயரிடம் கொடுத்துப் பூசை செய்வித்ததாம்.

"உள்ளுக்கை ரெண்டு, வெளியிலை ஒண்டு. கணக்குச் சரிதானே மச்சான்?" என்றார் அத்தான்.

காவலாளி வந்து இது என்ன என்று கேட்டான். சலாட்டுக்கு என்றேன்.

பிறகு ஆராய்ச்சிக்காக ஒரேயொரு தரம் பொத்தானை அமத்தினேன். இரண்டு தேசிக்காய். இன்னொரு தரம் — இரண்டு. ஐயோ, இந்தா, இந்தா வருகுது...

நாலு மணித்தியாலம்! எனக்கு என்ன பேய் பிடித்தது? கடைசியில் அத்தான்தான் கொலரில் பிடித்து இழுத்தார். "எழும்பு மச்சான்! அங்கை உன்ரை அக்கா பெட்டி கட்டுறாள்!"

16 மார்ச், ஞாயிறு

அக்கா பெட்டியோடு வாசலில் நின்றாள். "முதல்லை அந்த ரொபேரை நாலு கேள்வி கேட்டிட்டுத்தான் ரெயின் ஏறுவன்" என்று செருப்பை மாட்டினாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். என் வாய் தன்பாட்டில் திறந்து உண்மையைக் கக்கிவிட்டது.

அக்கா மாட்டிய செருப்பைக் கழற்றினாள். குறி தப்பவில்லை. பிறகு அத்தானிடம் திரும்பினாள். "ரெண்டு மாசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உன்ரை தம்பியல்லோ."

பெட்டி திரும்ப உள்ளே போனது. பூசை செய்த தேசிக்காயைப் பிழிந்து சீனி போட்டுக் கரைத்தாள். அத்தானுக்கு மட்டும்.

17 மார்ச், திங்கள்

போன திங்கள் எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். ரொபேர் பாவம், கசினோ வாசலையே மிதித்ததில்லை. பொங்கலன்று அத்தானை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான்.

மற்றதெல்லாம் உண்மை. இருபது பேரும் கைதட்டினார்கள்.