மாப்பிள்ளை அடித்த காற்று

மார்ச் 3
இன்று என் தலைமையில் மாபெரும் கூடார மாநாடு கூடியது. உறுப்பினர்கள் மூவர்: நான்; மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர்; அவருடைய மகள். அவள் வேலை பார்க்கும் கடையிலிருந்து மூன்று கூடாரங்களை, நாங்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்க, எடுத்து வந்திருக்கிறாள். கம்பியே கிடையாது. சைக்கிள் பம்பால் காற்றடித்தால் எழுந்து நிற்கும்.

மே மாதம் நாங்கள் இருவரும் சைக்கிளில் ஆற்றோரமாகவே கடல்வரை போக வேண்டும். நாற்பது வருடத் திட்டம். மாப்பிள்ளைக்கு இதயம் பழுதாகி எட்டு மாதம். டாக்டர் போகலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. டாக்டர்கள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்.

மார்ச் 4
முதல் கூடாரம் ஐந்து கிலோ. கேரியரில் கட்டினால் முன்சக்கரம் தேவலோகம் போய்விடும். தள்ளுபடி. இரண்டாவது பஞ்சுபோல இருந்தது. காற்று நிற்கவில்லை, சாயங்காலமே பிணம்போல் படுத்துவிட்டது. இந்த உவமையை அடித்துவிட வேண்டும். மூன்றாவது பச்சை, இரண்டு கிலோவுக்கும் குறைவு. மாப்பிள்ளை டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல்முட்டியால் தட்டி, இதுதான் என்றார். கூடவே ஒரு நிபந்தனை.

"என் கையால காத்தடிச்சு நிமித்தினாத்தான் வருவேன் மச்சான். நீ அடிச்சுக் குடுத்துப் படுக்கறதுக்கு இந்தக் கட்டிலே போதும்."

பம்பைத் தொண்ணூறு தடவை அழுத்த வேண்டும். தங்கையிடம், என் வழக்கப்படி, தொண்ணூறாயிரம் தடவை என்று அளந்துவிட்டிருக்கிறேன்.

மார்ச் 9
முப்பத்தெட்டில் நிறுத்திவிட்டார்.

மார்ச் 15
இருபத்திரண்டு. உதடு நீலமாகிவிட்டது. அவருக்கு முன்னால் சிரிக்க வேண்டியிருந்தது – சிரித்தேன்.

மார்ச் 16
சாணக்கியனும் வெட்கப்படும் தந்திரம் ஒன்று செய்தேன். அவர் குளிக்கப் போன நேரம் எழுபது நானே அடித்து, மேலே போர்வையைப் போட்டு வைத்தேன். வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். எண்ணுவது என் இலாகா. தாவித் தாவி எண்ணினேன். கூடாரம் எழுந்துவிட்டது. ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டாராம்.

இது நல்லதா? தெரியவில்லை.

மார்ச் 23
இன்று பதினொன்றில் கை விழுந்துவிட்டது. ஆனாலும் கூடாரம் நின்றது. விரல்முட்டியால் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நீ எத்தனை அடிச்சே?"

எனக்குப் பொய் வரவில்லை. எனக்கு!

"எழுபத்தொம்பது."

"அப்ப பதினொண்ணு என்னுது."

"ஆமா மாப்பிள்ளை."

"சரி. காத்து மூடிய நல்லா இறுக்கு."

உள்ளே தவழ்ந்து போய் அரைமணி நேரம் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. வீங்கியிருந்தது.

மார்ச் 26
மாப்பிள்ளை போய்விட்டார். காலை ஏழரை.

ஏப்ரல் 8
கூடாரம் இன்னும் அவர் அறையில் நிற்கிறது. தட்டிப் பார்த்தேன், இளகவே இல்லை. கடைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று தங்கை மகள் மூடியைத் திறக்க உட்கார்ந்தாள். பாதி திருகியதும் கை நின்றுவிட்டது.

"மாமா, இதுல அப்பா அடிச்சது எவ்வளவு?"

"தொண்ணூறும் அவர்தாம்மா."

மூடியை மறுபடியும் இறுக்கினாள்.